சைக்கிள் ஜிபிஎஸ்ஸில் இலவச வரைபடம்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது?

மதுரைப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கருவியோடு வரும் வரைபடத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை ஏற்றிக்கொள்ளுங்கள். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது. யார் வேண்டுமானாலும் சாலையைச் சேர்க்கலாம், தப்பைத் திருத்தலாம், காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். கண்மாய்க் கரை, பெரியாறு கால்வாயை ஒட்டிய வண்டிப்பாதை, ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகும் குறுகலான தார்ச்சாலை எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நமக்கு வேண்டியவை அந்தச் சாலைகள்தானே.

ஏற்றிய அன்றே எல்லாம் ஒழுங்காக ஓடிவிடும் என்று சொல்ல மாட்டேன். மக்கர் பண்ணும். அப்போது உடனே கருவியை ரீசெட் செய்யக் கிளம்பாதீர்கள். இந்த வரைபடம் உங்கள் ஹேண்டில்பாருக்கு வருவதற்குள் மூன்று கை மாறுகிறது. முதலில், தன்னார்வலர்கள் வரைந்த தரவு. அடுத்து, அந்தத் தரவைக் கருவிக்குப் புரியும் கோப்பாக மாற்றுகிற நிரல். கடைசியாக, கருவியும் அதன் செட்டிங்குகளும். கோளாறு எந்தக் கையில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் எல்லாவற்றையும் நோண்டினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

கீழே சொல்வது பெரும்பாலும் கார்மின் எட்ஜ் வகைக் கருவிகளுக்கு. வாஹூ, பிரைட்டன், கரூ வைத்திருப்பவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவு அந்தந்த நிறுவனத்தின் வழியாகவே வந்துவிடும். அவர்கள் கோப்பு சம்பந்தப்பட்ட பகுதிகளை விட்டுவிட்டு, வழி சுற்றுகிற பகுதியிலிருந்து படிக்கலாம்.

வரைபடமே தெரியவில்லை

உங்கள் கருவியில் வரைபடம் காட்டும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்ஜ் 130, பழைய 500 போன்றவை போகவேண்டிய கோட்டை மட்டும் காட்டும். அவற்றில் என்ன ஏற்றினாலும் பயனில்லை.

வசதி இருந்தால் கோப்பைப் பாருங்கள். இறக்கியது ஜிப் கோப்பு என்றால் பிரித்து, உள்ளே இருக்கும் ஐ-எம்-ஜி என்று முடியும் கோப்பைத்தான் 'கார்மின்' என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டும். புதிய கருவிகள் அந்தக் கோப்புக்கு என்ன பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். பழையவை ஒரே ஒரு பெயரைத்தான் தேடும்: ஜி, எம், ஏ, பி, எஸ், யு, பி, பி என்ற எட்டு எழுத்து, அப்புறம் புள்ளி, ஐ, எம், ஜி. விண்டோஸில் கோப்பின் வால்பெயர் மறைந்திருக்கும்போது பெயர் மாற்றினால், ஐ-எம்-ஜி இரண்டு தடவை ஒட்டிக்கொள்வது உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், கருவிக்குத் தெரியாது. வால்பெயரைக் காட்டும்படி மாற்றிவிட்டுப் பாருங்கள்.

மெமரி கார்டு போடும் கருவி என்றால் கார்டையும் சந்தேகப்பட வேண்டும். 64 ஜிபி கார்டுகள் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகி வரும். பழைய கருவிகளுக்கு ஃபேட்32 தான் புரியும். 32 ஜிபி-க்கு உட்பட்ட கார்டு வாங்குவது நல்லது. ஃபேட்32-ல் ஒரு கோப்பு 4 ஜிபி-யைத் தாண்ட முடியாது என்பதால், நாட்டையே ஒரே கோப்பாக ஏற்ற ஆசைப்பட வேண்டாம். மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் என்று வளைத்துக் கட்டம் கட்டினாலே நம் சவாரிகளுக்கு ஏராளம்.

கணினியில் செருகினால் டிரைவ் எழுத்தே வரவில்லையா? புதிய மாடல்கள் சில பென் டிரைவ் மாதிரி திறக்காது. ஃபோனைப் போல எம்டிபி முறையில்தான் இணையும். விண்டோஸில் அது தானாகத் திறக்கும். மேக்கில் எம்டிபி-க்கென்று தனிச் செயலி போட வேண்டும்.

கோப்பு உள்ளே போய்விட்டது, இன்னும் திரை வெறுமை என்றால் செட்டிங். நீங்கள் ஓட்டும் ஆக்டிவிட்டி புரொஃபைலுக்குள் போய், நேவிகேஷன், மேப், மேப் இன்ஃபர்மேஷன் என்று இறங்குங்கள். அங்கே உங்கள் வரைபடத்தின் பெயர் இருந்தால் அதை இயக்கிவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள். பெயரே இல்லையென்றால் கருவி கோப்பைப் படிக்கவில்லை, மேலே சொன்னதற்குத் திரும்புங்கள். இந்த இயக்கல் ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். ரோடு புரொஃபைலில் தெரிகிற வரைபடம் மவுன்டன் புரொஃபைலில் தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடைசியாக, ஸூம். ரொம்பத் தள்ளி வைத்துப் பார்த்தால் இந்த வரைபடங்களில் சின்னச் சாலைகள் வராது. 200 அல்லது 300 மீட்டர் அளவுக்குக் கிட்டே கொண்டுவந்து, வெட்டவெளியில் நின்று சிக்னல் பிடித்த பிறகு பாருங்கள்.

வரைபடத்தை அங்கீகரிக்க முடியவில்லை என்று செய்தி வருகிறது

காசு கொடுத்து வாங்காததால் பூட்டிவிட்டார்கள் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை. இது பெரும்பாலும் யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் எழுத்துமுறை, பற்றிய விவகாரம். கார்மினின் புதிய மென்பொருள் பதிப்புகள் யூனிகோடு எழுத்துமுறையில் செய்த வெளியார் வரைபடங்களை மறுத்துவிடுகின்றன. அதே வரைபடத்தை ஆங்கிலம் போன்ற மொழிகளின் எழுத்தை மட்டும் தாங்கும் லத்தீன்-1 முறையில் எடுங்கள், ஏற்றுக்கொள்ளும். பிபிபைக் என்ற தளத்தில் கட்டம் வரைந்து கேட்டால் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்புவார்கள். அங்கே கார்மின் வகைகளில் லத்தீன்-1, யூடிஎஃப்-8 (இதுதான் யூனிகோடு) என்று இரண்டும் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஊர்ப் பெயர் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி

இதுவும் மேலே சொன்னதன் தம்பிதான். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு ஊருக்குப் பொதுப் பெயர், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர் என்று தனித்தனிப் புலங்கள் உண்டு. பொதுப் பெயரில் தமிழ் எழுத்து இருந்து, மாற்றும் நிரல் அதை லத்தீன் எழுத்துக்குப் பெயர்க்கவில்லை என்றால் கேள்விக்குறியோ வெற்றிடமோதான் வரும். தரவைக் கார்மின் கோப்பாக மாற்றும் எம்கேஜிமேப் நிரலில் நீங்களே மாற்றுகிறவர் என்றால், பெயர்ப் புலங்களின் வரிசையில் ஆங்கிலப் பெயரை முன்னால் வையுங்கள். தளத்திலிருந்து எடுக்கிறவர் என்றால், அந்த ஊருக்கு ஆங்கிலப் பெயர்ப் புலத்தை நிரப்பிவிடுங்கள். தயவுசெய்து பொதுப் பெயரிலோ தமிழ்ப் புலத்திலோ இருக்கும் தமிழை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஆங்கிலத்தைப் போடாதீர்கள். உங்கள் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பது கருவியின் குறை. அதற்காக ஊரின் பெயரை எல்லோருக்கும் அழிப்பது நியாயமில்லை.

வரைபடம் தெரிகிறது, வழி போட மறுக்கிறது

பார்க்க மட்டும் உதவும் வரைபடமும் உண்டு, வழி கணக்கிட உதவும் வரைபடமும் உண்டு. கோப்பை உருவாக்கும்போது வழித்தகவலைச் சேர்க்காவிட்டால் கருவிக்கு அது வெறும் படம். எம்கேஜிமேப்பில் 'ரூட்' என்ற விருப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு காரணம், புறப்படும் இடமோ சேருமிடமோ வெட்டிய கட்டத்துக்கு வெளியே இருப்பது. கொடைக்கானல் போகப்போகிறவர் மதுரை மாவட்டத்தை மட்டும் வெட்டி ஏற்றினால், வாடிப்பட்டியைத் தாண்டியதும் சாலையே இருக்காது.

இரண்டு வரைபடங்கள் ஒரே நேரத்தில் இயங்கினாலும் கருவி குழம்பும். எதிலிருந்து வழி எடுப்பது என்று அதுவாகத் தீர்மானித்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் இயக்கத்தில் வையுங்கள்.

வழி போடுகிறது, ஆனால் ஊரைச் சுற்றுகிறது

அதிகம் பேர் கேட்பதும் இதுதான், நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான்.

கோச்சடையிலிருந்து சோழவந்தானுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துவரிமான், மேலக்கால், தென்கரை என்று வைகையின் தென்கரையோடு போய் ஆற்றைக் கடப்பதுதான் சைக்கிள்காரருக்கு நியாயமான வழி. கருவியோ உங்களைச் சமயநல்லூர் பக்கம் இழுத்து நான்குவழிச் சாலையில் ஏற்றுகிறது. இப்போது கோளாறு எந்தக் கையில்?

கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே வழி கேட்கும் வசதி உண்டு. அதே இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, வாகனம் சைக்கிள் என்று வைத்துக் கேளுங்கள். அங்கேயும் சுற்றினால் தரவில் கோளாறு. அங்கே நேராகப் போய், உங்கள் கருவி மட்டும் சுற்றினால் மாற்றிய விதத்திலோ செட்டிங்கிலோ கோளாறு. இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் செட்டிங்குகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது நேரத்துக்குக் கேடு.

செட்டிங்கில் பார்க்க வேண்டியவை சிலதான். வழி கணக்கிடும் முறை 'நேரத்தைக் குறை' என்று இருந்தால் 'தூரத்தைக் குறை' என்று மாற்றுங்கள். பாப்புலாரிட்டி ரூட்டிங், அதாவது பலர் ஓட்டிய சாலைக்கு முன்னுரிமை தருவது, கார்மினின் சொந்த வரைபடத்தில் பதிந்துவரும் தகவலை வைத்து ஓடுவது; இலவச வரைபடத்தில் அதனால் லாபமில்லை, அணைத்துவிடலாம். இதற்கு மேலும் பெரிய சாலையையே பிடித்துத் தொங்கினால் காரணம் தரவைக் கோப்பாக மாற்றும் விதிகளில் இருக்கிறது. மாற்றும்போது ஒவ்வொரு சாலைக்கும் ஒரு தரமும் ஒரு வேகமும் கொடுக்கிறார்கள். கருவி உயர்ந்த தரத்தைத் தேடித்தான் ஓடும். காருக்கென்று எழுதிய விதியில் என்எச் 44-க்கு முதல் மரியாதை. சைக்கிளுக்கென்று எழுதிய விதியில் செய்த வரைபடத்தை எடுத்தால் இது வெகுவாகக் குறையும்.

அப்புறம், 'மண்பாதையைத் தவிர்' என்ற விருப்பம். நம் பகுதியில் அதிகம் வம்பு செய்வது இதுதான். கால்வாய்க் கரையில் ஒரு பாதை இருக்கிறது. வரைந்தவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அதை 'வண்டித்தடம்' என்று குறித்திருப்பார், மேற்பரப்பு என்ன என்று எழுதியிருக்க மாட்டார். எம்கேஜிமேப்பின் இயல்பான விதி, மேற்பரப்பு எழுதாத வண்டித்தடத்தை மண்பாதை என்றே எடுத்துக்கொள்ளும். பிற்பாடு அங்கே தார் போட்டிருந்தாலும் கருவிக்குத் தெரியாது, அந்தப் பாதையை ஒதுக்கிவிட்டுச் சுற்றும். சரி, விருப்பத்தை அணைத்துவிடலாமே என்றால், மழை பெய்த மறுநாள் குருவித்துறைப் பக்கம் சேற்றில் டயர் சிக்கி நிற்பீர்கள். விருப்பத்தை இயக்கத்திலேயே வைத்துவிட்டு, தார் போட்ட பாதைக்கு 'தார்' என்று தரவில் எழுதுவதுதான் சரியான மருந்து. ஆண்ட்ராய்டு ஃபோனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி இருக்கிறது. அருகிலிருக்கும் சாலையைக் காட்டி இதன் மேற்பரப்பு என்ன என்று படத்தோடு கேட்கும், தொட்டால் போதும். டீக்கடையில் நிற்கும் நேரத்தில் நாலு சாலைக்குப் பதில் சொல்லிவிடலாம்.

இனி, தளத்தின் சோதனையிலும் சுற்றினால் தரவுக் கோளாறு. அதில் நான் அதிகம் பார்ப்பது ஒட்டாத முனை. இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருக்க வேண்டும். வரைந்தவர் ஒரு சாலையை மற்றதற்கு இரண்டு மீட்டர் முன்னாலேயே நிறுத்தியிருந்தால், திரையில் ஒட்டியிருப்பது போலவே தெரியும். கணக்குப் போடும் நிரலுக்கு அங்கே முட்டுச்சந்து. தளத்தின் எடிட்டரில் அந்த முனையை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், இடைவெளி தெரிந்துவிடும். முனையை இழுத்து மற்றச் சாலையின் மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பாலத்தின் கீழே போகும் சாலையைப் பாலத்தோடு ஒட்டிவிடக் கூடாது. அது ஒட்டாமல் இருப்பதுதான் சரி.

நான்குவழிச் சாலை ஓரங்களில் இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். நடுவில் தடுப்பு இருப்பதால் போகும் பக்கமும் வரும் பக்கமும் தனித்தனி ஒருவழிக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். சர்வீஸ் ரோடு இன்னொரு கோடு. ஊருக்குள்ளிருந்து வரும் தெரு அந்த சர்வீஸ் ரோட்டோடு ஒட்டவில்லை என்றால், எதிரே தெரிகிற இடத்துக்குக் கருவி அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்பி வரச் சொல்லும். சர்வீஸ் ரோட்டில் இரு திசையிலும் வண்டி போகிறதா, ஒரு திசைதானா என்பதை நேரில் பார்த்துவிட்டுத் திருத்துங்கள். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஊகிக்க வேண்டாம்.

தரைப்பாலம் தனிக் கதை. வைகை அணையில் தண்ணீர் திறந்தால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும் என்பது மதுரைக்காரர் எல்லோருக்கும் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. வெள்ளம் ஏறும் இடம் என்று தரவில் குறிக்க ஒரு புலம் உண்டு, குறித்து வைப்பது நல்லதுதான். ஆனால் கருவி அதைப் பார்த்து வழியை மாற்றாது. சித்திரைத் திருவிழாவில் அடைக்கும் தெருக்களும் அப்படியே. இவற்றுக்கு நம் தலைதான் வரைபடம். தற்காலிக அடைப்பைத் தரவில் ஏற்றாதீர்கள். நீங்கள் அதை எடுத்துவிட்ட பிறகும், அன்று கோப்பை இறக்கியவர் கருவியில் அந்தத் தெரு மூடியே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கூகுள் மேப்ஸைப் பக்கத்தில் திறந்து வைத்து அதிலிருந்து பெயரையோ சாலையையோ பார்த்து எழுதக் கூடாது. உரிமச் சிக்கல் வரும், எழுதியதையெல்லாம் நீக்கிவிடுவார்கள். எடிட்டரிலேயே கொடுத்திருக்கும் செயற்கைக்கோள் படங்கள், உங்கள் சொந்த ஜிபிஎஸ் பதிவு, நேரில் பார்த்தது, இந்த மூன்றும் போதும்.

சரியான சாலையில் போகும்போதே வழி தவறிவிட்டதாகக் கத்துகிறது

நத்தம் சாலைக்கு வாருங்கள். 2023 ஏப்ரலில் திறந்த பறக்கும் பாலம், 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அடியில் பழைய சாலை. வரைபடத்தில் கோடுகள் ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. கருவி உங்கள் இடத்தை மேலிருந்து பார்க்கிறது. மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கீழே போகும்போது பாலமே வானத்தை மறைத்து சிக்னலையும் கெடுக்கும். விளைவு, நேராகப் போகிறவரைத் திரும்பு திரும்பு என்று விரட்டும்.

இதற்குத் தரவைத் திருத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. 'லாக் ஆன் ரோட்' என்ற விருப்பம் இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். அது உங்கள் புள்ளியைப் பக்கத்துச் சாலையின் மேல் பலவந்தமாக ஒட்டவைப்பது. வழி தவறினால் தானாக மறுகணக்குப் போடும் விருப்பத்தையும் அணைத்துவிட்டால் அமைதியாகிவிடும். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று அடுக்கடுக்காகப் போகும் வீதிகளிலும் இதே மருந்துதான். அங்கே கட்டடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் புள்ளி அடுத்த சந்துக்குத் தாவும். திறந்த வெளிக்கு வந்ததும் சரியாகிவிடும்.

முன்கூட்டியே திட்டமிட்ட பாதையை ஏற்றிவிட்டுக் கிளம்பும்போது, கணக்குப் போடுவது பாதியிலேயே நின்றுவிடுகிறதா? அந்தப் பாதைக்குத் திருப்ப வழிகாட்டலை அணைத்துவிடுங்கள். கருவி கோட்டை மட்டும் காட்டும், எந்தக் கணக்கும் போடாது. நீண்ட தூரச் சவாரிக்கு எனக்குப் பிடித்த முறையே இதுதான்: வீட்டில் உட்கார்ந்து பிரவுட்டர் போன்ற சைக்கிள் வழித் தளத்தில் பாதையைப் பார்த்துப் பார்த்துப் போட்டு, கோடாக ஏற்றிக்கொண்டு போவது.

சிறுமலை ஏறுகிறேன், கருவி தரைமட்டம் என்கிறது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் சாலைகளுக்கு உயரம் கிடையாது. உயரத்தை வேறிடத்திலிருந்து சேர்க்க வேண்டும். வழக்கமாக 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து நாசா எடுத்த எஸ்ஆர்டிஎம் அளவைத்தான் எடுக்கிறார்கள். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் தெரிகின்றன என்பதால் ஏற்ற விவரம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கோடு கண்ணுக்கு. கருவி ஏற்றத்தைக் கணக்கிட உயரத் தரவைத் தனியாகக் கோப்புக்குள் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத வரைபடம் என்றால், உயர விவரம் சேர்ந்த பாதைக் கோப்பைத் தளத்திலிருந்து எடுத்து ஏற்றுங்கள், ஏற்றப் படம் வந்துவிடும்.

திரை தவழ்கிறது, அல்லது ஆரம்பத் திரையைத் தாண்டவில்லை

தவழ்வதற்கு மருந்து எளிது: சின்னக் கட்டம், ஒரே வரைபடம், 'மேப் டீட்டெயில்' குறைவு.

ஆரம்பத் திரையில் நின்றால் பதறாதீர்கள். அநேகமாகக் கோப்பு அரைகுறையாக ஏறியிருக்கும். கார்டில் இருந்தால் கார்டை உருவிவிட்டு இயக்குங்கள். உள்நினைவில் இருந்தால், கருவியை அணைத்துவிட்டுக் கணினியில் செருகுங்கள். பெரும்பாலும் வரைபடத்தைப் படிக்காமலேயே இணைந்துவிடும். நீங்கள் போட்ட கோப்பை மட்டும் அழியுங்கள். அந்த ஃபோல்டரில் நீங்கள் போடாத வேறு ஐ-எம்-ஜி கோப்புகளும் இருக்கும், அவற்றைத் தொடக் கூடாது. மறுபடி ஏற்றும்போது இறக்கிய கோப்பின் அளவும் ஏறிய கோப்பின் அளவும் ஒன்றா என்று ஒப்பிட்டு, 'பாதுகாப்பாக நீக்கு' கொடுத்த பிறகே கேபிளை உருவுங்கள்.

தரவைத் திருத்திவிட்டேன், கருவியில் இன்னும் பழசே காட்டுகிறது

திருத்தம் தளத்தில் சில நிமிடங்களில் தெரியும். கருவியில் இருப்பது நீங்கள் கோப்பை இறக்கிய நாளின் நகல், அது தானாக மாறாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவின் தென் மண்டலத் தரவு தினந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது; எம்கேஜிமேப்பில் நீங்களே மாற்றினால் நேற்றைய திருத்தம் நாளைய சவாரிக்கு வந்துவிடும். ஜாவா போட்ட எந்தச் சாதாரண மடிக்கணினியும் போதும். பெரிய தரவைத் துண்டு போட ஸ்ப்ளிட்டர் என்ற துணை நிரலை முதலில் ஓட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நினைவகம் போதாமல் பாதியில் நிற்கும். ஆயத்த வரைபடம் எடுப்பவர் என்றால், அந்தத் தளம் கடைசியாக எந்தத் தேதித் தரவில் செய்தது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள்.

புதுக் கோப்பைப் போடும்போது பழையதை உடனே அழிக்காமல் கணினியில் எடுத்து வையுங்கள். புதியதை வைத்துத் தெரிந்த சாலையில், திருப்பரங்குன்றம் வரை என்றாலும் சரி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்த பிறகு அழித்தால் போதும்.